மூன்று நாள் பயணம், நான்கு நாள் பில்

கோவையில் இனோவா எடுத்து ஊட்டி, மைசூர் போய்த் திரும்பினோம். பேசிய வாடகை கி.மீ.க்கு 18 ரூபாய், நாளுக்குக் குறைந்தது 250 கி.மீ. டிரைவர் பேட்டா (நாள்படி) 500, டோல், பர்மிட் தனி. மலைக்கு ஹில்ஸ் சார்ஜ் 500 என்றும் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். ஆனால் கடைசியில் வாட்ஸப்பில் வந்த பில்லில் இதுவரை யாரும் சொல்லாத கட்டணங்கள் சில இருந்தன.

முதலாவது, நான்காவது நாள். மைசூரிலிருந்து கிளம்பி, ராத்திரி பத்தரைக்கெல்லாம் கோவையில் இறங்கிவிட்டோம். "வண்டி ஷெட்டுக்கு வர மணி பன்னெண்டு தாண்டிருச்சுங்க சார், அதனால நாலு நாள் கணக்குங்க" என்றார் ஏஜென்ட். (ஷெட் என்றால் அவர்கள் வண்டி நிறுத்தும் இடம்.) அதாவது இன்னொரு 250 கி.மீ. வாடகை 4,500, அதோடு ஒரு பேட்டா: மொத்தம் 5,000 ரூபாய். டாக்ஸிக்காரர்களுக்கு நாள் என்பது 24 மணி நேரம் இல்லை, நள்ளிரவுக்கு நள்ளிரவு. இது எனக்கு முன்பே தெரியும் என்பதால், புக் பண்ணும்போதே "11 மணிக்குள் இறங்கினால் மூன்று நாள்தானே?" என்று கேட்டு மெசேஜ் போட்டிருந்தேன். "ஆமாங்க சார்" என்று பதில் வந்திருந்தது. அந்த ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பியதும் அந்தக் கட்டணம் போய்விட்டது. போனில் மட்டும் பேசியிருந்தால் என்னால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அடுத்தது ஷெட் கி.மீ. வண்டி ஷெட்டிலிருந்து நாங்கள் ஏறிய ஸ்டேஷனுக்கு வந்து, திரும்பிப் போன தூரம் 60 கி.மீ., அதற்கு 1,080 ரூபாய். ஷெட் டு ஷெட் கணக்கு என்பது இந்தத் தொழிலில் வழக்கம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் போட்டோ எடுத்திருந்தேன். நாங்கள் ஓடியது 500 கி.மீ.தான், ஷெட் தூரத்தைச் சேர்த்தாலும் 560. வாடகையோ மூன்று நாளுக்கு 750 கி.மீ. என்று வாங்குகிறார்கள். ஓடாத 190 கி.மீ.க்கே பணம் கொடுக்கிறோம், அப்புறம் ஷெட்டுக்குத் தனியாக எதற்கு? இதைப் பொறுமையாகச் சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம் ஆயிற்று. கி.மீ. ரேட்டை 17 ஆக்கச் சொல்லிப் பேரம் பேசுவதைவிட இந்தக் குறைந்தபட்சக் கணக்கைப் பேசுவதுதான் முக்கியம். மலைப்பாதையில் ஒரு நாளைக்கு 250 கி.மீ. யார் ஓட்டப்போகிறார்கள்?

மூன்றாவது, இ-பாஸ் 300 ரூபாய். இதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம், ஆனால் அது இலவசம். வண்டி நம்பர் முந்தின நாள்தான் கிடைத்தது. அன்றே என் போனிலேயே பாஸ் எடுத்துவிட்டேன், கல்லாறு செக்போஸ்டில் காட்டியதும் அதைத்தான். நானே எடுத்த பாஸுக்கு எனக்கே பில்! சொன்னதும் எடுத்துவிட்டார்கள். தெரியாமல் கொடுத்துவிட்டுப் போகிற குடும்பங்கள் எத்தனையோ.

டோலுக்கு ஃபாஸ்டேக் மெசேஜையும் கர்நாடகா பர்மிட்டுக்கு ரசீதையும் கேட்டோம். இரண்டும் சரியாக இருந்தன, கொடுத்தோம். ஹில்ஸ் சார்ஜும் பேசியதுதான், அதையும் கொடுத்தோம். ஆக, பில்லில் 6,380 ரூபாய் குறைந்தது.

இத்தனை பேச்சிலும் டிரைவர் அண்ணாவை நாங்கள் இழுக்கவே இல்லை. பில் போடுவது அவர் இல்லை. ஊட்டிக் குளிரில் ராத்திரி வண்டிக்குள்ளேயே படுக்கப் பார்த்தார். லாட்ஜில் கேட்டு, டிரைவர்களுக்கான டார்மிட்டரியில் ஒரு கட்டில் வாங்கிக் கொடுத்தோம். பேட்டா 1,500-ஐ ஏஜென்ட் கணக்கில் போடாமல் அவர் கையிலேயே கொடுத்தோம். ஏஜென்டிடம் சொல்லி, பில்லில் அதைக் கழித்து எழுதவும் வைத்தோம்.