அப்பாவின் கைக்கடிகாரத்தோடு லண்டன்

லண்டனில் நாலு நாள், ஐந்து பேர். பார்க்க வேண்டிய இடங்களுக்குப் பட்டியல் போட்டது என் மகள். பதினேழு இடங்கள், பக்கத்திலேயே நேரமும் போட்டிருந்தாள். அப்பா அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்துவிட்டு, "பிக் பென் எத்தனை மணிக்கு?" என்றார்.

"அது என்ன ரயிலாப்பா? எப்போ போனாலும் அங்கேயேதான் நிற்கும்."

"அடிக்கற நேரத்துக்குப் போகணும்மா. இல்லேன்னா அது வெறும் கோபுரம்."

தினமும் காலையில் எழுந்ததும் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற மனுஷர். நாற்பது வருஷமாக ஒரே கடிகாரம். மறுக்க முடியுமா?

வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தில் பன்னிரண்டு மணிக்கு நின்றோம். சுற்றிலும் எல்லார் கையிலும் போன். அப்பா மட்டும் கடிகாரத்தின் திருகை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு தயாராக இருந்தார். முதலில் சின்ன மணிகள் நாலும் சேர்ந்து அந்தப் பழகிய மெட்டை வாசித்தன. அப்புறம் கொஞ்சம் மௌனம். பெரிய மணியின் முதல் அடி விழுந்ததும் திருகை உள்ளே தள்ளினார். முதல் அடிதான் சரியான நேரமாம், கடைசி அடி இல்லை.

பிக் பென் என்பது அந்த மணியின் பெயர், கோபுரத்துக்கு 2012 முதல் எலிசபெத் கோபுரம் என்று பெயர் என்றெல்லாம் மகள் படித்துக் காட்டினாள். அப்பாவுக்கு அது பெரிதாகப் படவில்லை. 1859-இல் அடிக்க ஆரம்பித்து இரண்டே மாதத்தில் மணி விரிசல் விட்டது என்றதும் திரும்பிப் பார்த்தார். சுத்தியல் கனம் அதிகம். புது மணி வார்க்காமல், இருந்ததையே கொஞ்சம் திருப்பி வைத்து, அடி வேறு இடத்தில் விழும்படி செய்து, லேசான சுத்தியலைப் போட்டுவிட்டார்கள். விரிசல் இன்னமும் இருக்கிறது.

"விரிசலோடயா இவ்வளவு நாளா அடிக்குது? அப்போ இன்னொரு தடவை கேட்கணும்."

பட்டியல் அங்கேயே கவிழ்ந்தது. ஒரு மணி நேரம் அந்தப் பாலத்திலேயே நின்றோம். ஒரு மணிக்கு ஒரே ஒரு அடிதான் விழும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை! விழுந்ததும் என் கணவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பன்னிரண்டு மணிக்கு ஒரு அடி அடங்கும் முன்னே அடுத்தது வந்துவிட்டது. இப்போது அந்த ஒற்றை ஓசை மெல்ல இறங்கி, பஸ் சத்தத்துக்குள் கரைகிற வரை கேட்டது. கடைசியில் ஒரு சின்ன நடுக்கம். விரிசல்தான் அது என்று அப்பா சாதித்தார்.

அடுத்த நாள் தப்பு என்னுடையது. கோபுரங்கள் வைத்த பாலம் என்று நினைத்து எல்லாரையும் லண்டன் பிரிட்ஜில் கொண்டுபோய் நிறுத்தினேன். அது 1973-இல் திறந்த சாதாரணப் பாலம். படங்களில் வருவது டவர் பிரிட்ஜ், ஆற்றோடு கிழக்கே இன்னும் நடக்க வேண்டும். லண்டன் பிரிட்ஜின் முந்தைய பாலத்தை 1968-இல் ஒரு அமெரிக்கர் விலைக்கு வாங்கிக் கல் கல்லாக அரிசோனாவுக்குக் கொண்டுபோய்விட்டார். அவரும் என்னைப் போலக் குழம்பித்தான் வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. அவர் மறுத்துவிட்டாராம். நானும் மறுத்துப் பார்த்தேன், எடுபடவில்லை.

மூன்றாம் நாள் கிரீன்விச். மேடேறி மூச்சு வாங்க வானாய்வுக்கூட வாசலுக்கு வந்தால், சுவரில் 1852-இல் வைத்த கடிகாரம். அப்பாவின் கையில் பதினொன்று நாற்பது. சுவரில் முள் நிற்கிற இடத்தைப் பார்த்தால் ஐந்து நாற்பது! அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அது இருபத்துநாலு மணி முகப்பு. உச்சியில் பூஜ்யம், பன்னிரண்டு அடியில். சரியாகப் படித்தால் பத்து நாற்பது. அப்போதும் ஒரு மணி இடிக்கிறது. கோடையில் ஊரெல்லாம் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்தாலும் இது மட்டும் கிரீன்விச் நேரத்தை விட்டு அசையாது.

"நான் மாத்தப் போறதில்லை," என்றார். "பிக் பென் காட்டின நேரமே இருக்கட்டும்."

உள்ளே பூஜ்யத் தீர்க்கரேகைக் கோட்டின் இரண்டு பக்கமும் கால் வைத்துப் படமெடுக்க நீள வரிசை. முறை வந்தபோது சின்னவன் போனைப் பார்த்துவிட்டு, இது பூஜ்யமே இல்லை என்றான். உண்மைதான். செயற்கைக்கோள் கணக்கில் பூஜ்யம் கிழக்கே 102 மீட்டர் தள்ளிப் போகிறது. தாத்தாவும் பேரனும் அதைத் தேடிப் பூங்காவுக்குள் இறங்கினார்கள். அங்கே கோடும் இல்லை, வரிசையும் இல்லை. புல்லும் நடைபாதையும்தான். ஒரு படம் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்கள்.

அவசரம் எதற்கென்றால், கூரை மேல் ஒரு சிவப்புப் பந்து. தேம்ஸில் நின்ற கப்பல்காரர்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ள 1833-இல் வைத்தது. பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்குப் பாதிக் கம்பம், ஐம்பத்தெட்டுக்கு உச்சி, ஒரு மணிக்கு இறக்கம். அப்பா முழங்கையை மடக்கிக் கடிகாரத்தை முகத்தருகே கொண்டுவந்தார். பந்து இறங்கியது.

"பரவாயில்லை," என்றார், "சரியான நேரத்துக்குத்தான் விழுது."