கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆளுமை ஆய்வு: வினாநிரல் முதல் வாய்மொழித் தேர்வு வரை

கல்லூரி மாணவர்களின் ஆளுமைப் பண்புகளுக்கும் அவர்கள் பெறும் தேர்வு மதிப்பெண்களுக்கும் உள்ள தொடர்பையே முதுநிலை ஆய்வேட்டுக்கான பொருளாக எடுத்துக்கொண்டேன். இத்தகைய ஆய்வில் புள்ளியியல்தான் ஆளை வதைக்கும் என்று முன்னே சென்றவர்கள் சொல்லியிருந்தார்கள். என் அனுபவம் வேறு. கணக்கீட்டைக் கணினி பார்த்துக்கொண்டது. தாளில் விழுந்த விடை உண்மையிலேயே அந்த மாணவர் தம்மைப் பற்றி யோசித்துத் தந்ததுதானா என்று உறுதிப்படுத்திக்கொள்வதில்தான் உழைப்பின் பெரும்பகுதி கரைந்தது.

முதல் கேள்வி, எந்தக் கருவியைக் கொண்டு அளப்பது என்பது. ஆளுமையைப் புறமுகத்தன்மை, இணக்கம், பொறுப்புணர்வு, உணர்ச்சி நிலைப்பாடு, புதியனவற்றை ஏற்கும் மனப்பாங்கு என்ற ஐந்து பெரும் பண்புகளாகப் பார்க்கும் அணுகுமுறையே இன்று ஆய்வுலகில் பரவலாக வழங்குகிறது. உளவியலாளர்கள் கோஸ்டாவும் மெக்ரேயும் 1992-இல் வெளியிட்ட நியோ திருத்திய வினாநிரலில் 240 கூற்றுகள் உண்டு. அதைப் பயன்படுத்த உரிமமும் கட்டணமும் தேவை. மறுகோடியில், 2003-இல் வந்த பத்தே கூற்றுகள் கொண்ட சுருக்க அளவீடு இருக்கிறது. அது ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும் என்றாலும், ஒவ்வொரு பண்புக்கும் இரண்டே கூற்றுகள் என்பதால் நுணுக்கமான ஒப்பீட்டுக்குப் போதாது. உளவியலாளர் லூயிஸ் கோல்ட்பெர்க் முன்னின்று தொகுத்த, எவரும் அனுமதி கேட்காமலே எடுத்தாளக்கூடிய கூற்றுத் தொகுப்பிலிருந்து 50 கூற்றுகள் கொண்ட வடிவத்தைத் தேர்ந்தேன். கைக்காசு போட்டு ஆய்வு செய்யும் மாணவருக்கு இதைவிட நல்ல தேர்வு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு. விண்ணப்பம் ஒருமுறை திருத்தத்துக்குத் திரும்பி வந்தபோது சலிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் சுட்டிக்காட்டிய இரண்டும் ஆய்வின் தரத்தையே உயர்த்தின என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதலாவது, பாடம் நடத்தும் ஆசிரியர் வகுப்பறையில் நிற்கும்போது ஒப்புதல் படிவத்தைக் கொடுக்கக் கூடாது. அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுகிறவர் எதிரில் நிற்கையில் எந்த மாணவர்தான் மறுப்பார்? இரண்டாவது, பங்கேற்க விரும்பாதவர் யார் என்பது பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடத் தெரியக் கூடாது. அதற்காக எல்லோருக்கும் ஒரே மாதிரி உறையைக் கொடுத்து, விருப்பமில்லாதவர்கள் வெற்றுத்தாளையே உறையிலிட்டு ஒட்டித் திருப்பித் தரலாம் என்று ஏற்பாடு செய்தேன். சில உறைகளில் வெற்றுத்தாள்தான் இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை; விருப்பமில்லாமல் நிரப்பப்பட்ட தாளைவிட வெற்றுத்தாள் நேர்மையானது.

வகுப்பறைக்குள் நுழைந்ததும் எழும் முதல் கேள்வி, "இதுக்கு மார்க் உண்டா?" என்பதுதான். இல்லை, இதில் சரி தவறு என்று எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும், முன்வரிசையில் இருவர் தாள்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் தம் விடையை அழித்துத் தோழியின் விடைக்கு மாற்றுவதைப் பார்த்தேன். தம்மைப் பற்றிய கேள்விக்கும் அடுத்தவரிடம் விடை பார்க்கும் அளவுக்குத் தேர்வுப் பழக்கம் ஊறியிருக்கிறது. அதன் பிறகு ஒரு வகுப்பைப் பாதிப் பாதியாகப் பிரித்து, இடைவெளிவிட்டு அமரச் செய்தே வினாநிரலைக் கொடுத்தேன். பெயருக்குப் பதிலாகக் குறியீடு எழுதச் சொல்லியிருந்தேன்: தாயார் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள், பிறந்த தேதி, கைப்பேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள். அதே மாணவர்கள் அதே விடைகளைத் தருகிறார்களா என்று பார்க்கச் சில வாரங்கள் கழித்து மறுசோதனைக்குச் சென்றபோது எண்ணை மாற்றியிருந்தவர்கள் புதிய இலக்கங்களை எழுதினார்கள். அவர்களுடைய இரண்டு தாள்களை இணைக்க வழியில்லாமல் ஒதுக்கிவைக்க வேண்டியதாயிற்று. மாறாத விவரங்களைக் கொண்டே குறியீடு அமைப்பது நல்லது.

தரவைத் தூய்மை செய்யும் கட்டம்தான் ஆய்வின் உயிர்நாடி. ஐந்து புள்ளி அளவுகோலில் முதல் கூற்றிலிருந்து கடைசிக் கூற்று வரை நடுப்புள்ளியான மூன்றையே வட்டமிட்டிருந்த தாள்கள் கண்ணில் பட்டவுடனே தெரிந்துவிடும். தந்திரமானவை வேறு வகை. "கூட்டத்தில் கலகலப்பாக இருப்பேன்" என்பதற்கு முழுமையாக ஒப்புகிறேன் என்று குறித்தவரே, அடுத்த பக்கத்தில் "நான் அதிகம் பேசுவதில்லை" என்பதற்கும் முழுமையாக ஒப்புகிறேன் என்று குறித்திருப்பார். எதைக் கேட்டாலும் ஆமாம் போடும் இந்தப் போக்கைக் கண்டுபிடிக்கத்தான் எதிர்த்திசைக் கூற்றுகளை இடையிடையே கலந்துவைக்கிறார்கள். கூட்டிப் பார்க்கும் முன் இக்கூற்றுகளின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட வேண்டும்: 5 என்பது 1 ஆகும், 4 என்பது 2 ஆகும். திருப்பாமல் விட்டால், 1951-இல் உளவியலாளர் குரோன்பாக் முன்வைத்த ஆல்ஃபா என்னும் உள்ளிசைவுக் கெழு (ஒரே பண்பை அளக்கும் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) அதலபாதாளத்துக்குப் போய்விடும். எதிர்மறை எண்ணாகக்கூட வரலாம். முறையாகத் திருப்பிய பின்னும் இணக்கம் என்ற பண்புக்கு மட்டும் ஆல்ஃபா, வழக்கமாக எதிர்பார்க்கப்படும் 0.70-ஐ எட்டவில்லை. ஒவ்வொரு கூற்றாக எடுத்து மொத்த மதிப்பெண்ணோடு பொருத்திப் பார்த்ததில், எதிர்த்திசைக் கூற்றுகள் மட்டுமே இடறின. கூற்றைத் தூக்கிவிட்டு எண்ணை உயர்த்தலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். நெறியாளர் அதற்கு இசையவில்லை. கிடைத்த எண்ணை அப்படியே அறிவித்து, காரணத்தை விளக்கி எழுதச் சொன்னார்.

இதற்கிடையே மாணவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது, "எனக்கு என்ன வந்திருக்கிறது?" என்பதை. நான்கு எழுத்துகளில் ஆளை வகைப்படுத்தும் இணையச் சோதனைகளைப் பலரும் முன்பே செய்து பார்த்திருந்தார்கள். அதுபோன்ற ஒரு முத்திரையை என்னிடமும் எதிர்பார்த்தார்கள். ஐம்பண்பு அளவீட்டில் வகை கிடையாது, ஒவ்வொரு பண்பிலும் ஒருவர் எந்த அளவில் நிற்கிறார் என்பது மட்டுமே உண்டு என்று விளக்கினால் முகம் வாடிவிடும். 1949-இல் வெளியான ஆய்வொன்றில் உளவியலாளர் ஃபோரர், தம் மாணவர்கள் அனைவருக்கும் ஒரே ஆளுமைக் குறிப்பை அவரவருக்கென்று எழுதியதுபோல் கொடுத்தார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு மாணவர்கள் தந்த சராசரி, ஐந்துக்கு 4.26. எல்லோருக்கும் பொதுவான குறிப்பே தமக்கென்று எழுதியதாகத் தோன்றிவிடும் என்பதை மனத்தில் வைத்துத் தனிநபர் குறிப்பு எதையும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்து, வகுப்பு முழுமைக்குமான சராசரியை மட்டும் ஒரு மணி நேரம் விளக்கினேன்.

முடிவுகளில் அதிர்ச்சி எதுவும் இல்லை. பொறுப்புணர்வுக்கும் மதிப்பெண்ணுக்கும் நேர்த்தொடர்பு இருந்தது. மற்ற நான்கும் பெரிதாகப் பேசவில்லை. இதற்கு முன் வந்த பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஆய்வாளர் போரோபாட், 2009-இல் இத்தொடர்பைச் சுமார் 0.2 (முழுத் தொடர்பு என்றால் 1) என்று கணித்தார். அந்த எண்ணை வர்க்கப்படுத்தினால், மதிப்பெண் வேறுபாட்டில் ஏறக்குறைய நூற்றுக்கு நான்கு பங்கையே பொறுப்புணர்வு விளக்குகிறது என்று ஆகும். சேர்க்கையின்போதே ஆளுமைச் சோதனை வைத்து மாணவரைத் தெரிவு செய்யலாம் என்று பேசுவோர் இந்த நான்கை மறந்துவிடுகிறார்கள்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதிக நேரம் பிடித்துக்கொண்டது மாதிரியைத்தான், அதாவது ஆய்வுக்கு யாரைத் தேர்ந்தேன் என்பதைத்தான். எளிதில் கிடைக்கிறார்கள் என்பதற்காகக் கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்து மனித இயல்பைப் பேசிவிட முடியுமா என்பது உளவியலில் பழைய வழக்கு. உளவியலாளர் டேவிட் சியர்ஸ் 1986-லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். என் ஆய்வு மாணவர்களைப் பற்றியதே என்பதால் அந்தக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினேன். ஆனால் இருபது வயதுக்குப் பிறகும் பொறுப்புணர்வு கூடிக்கொண்டே போவதாக நெடுங்கால ஆய்வுகள் காட்டும்போது, ஒரே பருவத்தில் எடுத்த அளவை வைத்து ஒரு மாணவரை எப்படிக் கணிப்பீர்கள் என்று தேர்வாளர் கேட்டதற்கு, கணிக்க முடியாது என்பதே என் விடையாக இருந்தது. முடிவுரையில் "முன்கணிக்கிறது" என்று வந்த இடங்களையெல்லாம் "தொடர்புடையதாக இருக்கிறது" என்று மாற்றச் சொன்னார். மாற்றிக் கொடுத்ததும் ஒப்புதல் கையொப்பம் கிடைத்தது.