கம்மாலை ஏன் இருட்டு

எண்ணெய்க்குள் 'சுர்ர்' என்று இறங்கிய உருக்குப் 'பஞ்ச்' கருவியை எடுத்துப் பார்க்கக் கேட்டேன். பட்டறை அண்ணை தரவில்லை.

"இப்ப கீழ விழுந்தா கண்ணாடி மாதிரி உடையும், தம்பி."

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு லேத் பட்டறை. உருக்கைச் செக்கச்சிவக்கக் காய்ச்சி, காந்தம் ஒட்டாமல் போகும்வரை பார்த்தார். அது 770 பாகை செல்சியஸுக்குக் கிட்ட. இன்னும் சற்றுச் சூடேற்றித்தான் எண்ணெயில் போட்டார்.

அப்புறம் ஒரு பக்கத்தை உரைதாளால் மினுக்கி, அந்த உடையும் தன்மை குறைய மெல்ல மறுபடி சூடு காட்டினார். வெள்ளை உருக்கில் வெளிர்மஞ்சள் படர்ந்தது. விட்டால் பழுப்பு, ஊதா, நீலம் என்று போகும். காற்றுப் பட்டு மேலே படியும் ஒக்சைட் படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறுகிறது. மஞ்சள் 220 பாகையளவில், நீலம் 300 அளவில். வெட்டும் கருவியை மஞ்சளில் நிறுத்தவேண்டும். ஸ்பிரிங் என்றால் நீலம்வரை விடலாம்.

கடினமானதும் உருக்கு ஒரு துளி பருக்குமாம். அளவு பிசகக்கூடாத பாகங்களைக் கடைசியில் கிரைண்ட் பண்ணுவது அதனால்தான்.

பெரிய தொழிற்சாலைகளில் காற்றை வெளியேற்றிவிட்டுச் சூடாக்கும் வெற்றிட உலை இருக்கிறது. அங்கே நிறம் பார்க்கும் வேலையே இல்லை.

நம்மூர்க் கம்மாலைகள், அதாவது கொல்லர் பட்டறைகள், வசதியில்லாமல் இருட்டாக இருக்கின்றன என்றே பலரும் நினைக்கிறோம். வெயில் வெளிச்சத்தில் இரும்பின் சிவப்பைச் சரியாக மட்டுக்கட்ட முடியாது, அதுதான் விஷயம்.