சஃபோக் எல்லையில் ஒரு பண்ணைக் கூலியாளின் பிறந்த ஊரைத் தேடியது

என் மாமனாரின் முன்னோர்கள் இங்கிலாந்தின் சஃபோக் கவுண்டியின் வடமேற்கு எல்லையில், லிட்டில் ஊஸ் ஆற்றை ஒட்டிய கிராமங்களில் பண்ணைக் கூலியாட்களாக இருந்தவர்கள். 1837 ஜூலையில் பிறப்பு, திருமணம், இறப்புகளின் அரசுப் பதிவு தொடங்கியதற்குப் பிந்தைய தலைமுறைகளை வீட்டில் இருந்தபடியே கோத்துவிட முடிந்தது. சிக்கலெல்லாம் மாமனாருடைய எள்ளுத்தாத்தாவின் தகப்பனாரிடம்தான் தொடங்கியது. 1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதியதோடு, பிறந்தது இதே கவுண்டியிலா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டது. 1851இல் ஆற்றின் தென்கரையிலுள்ள சஃபோக் பாரிஷில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பிறந்தவர் என்றிருந்த அதே மனிதர், 1861இல் வடகரையிலுள்ள, அடுத்த கவுண்டியான நார்ஃபோக்கின் பாரிஷில் பிறந்தவராகிவிட்டார்.

கட்டணம் வாங்கும் தளம் ஒன்றின் பெயர் அட்டவணையில் அவர் இரு கரையிலும் இல்லை. காப்பகம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டதற்கு, தேவாலயப் பதிவேட்டில் அப்படியொரு ஞானஸ்நானம் இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. பதில் எழுதியவர் பதிவேட்டைத் தொடவே இல்லை, நான் பார்த்த அதே அட்டவணையைத்தான் அவரும் பார்த்திருக்கிறார் என்று பின்னர் தெரிந்தபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

சரி, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று போனால் வாசலிலேயே தடை. வாசிப்பறைக்கான அட்டையைப் பெற, படத்துடன் கூடிய அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் தர வேண்டும். என் பாஸ்போர்ட்டில் முகவரி கிடையாது. மின்கட்டணம், தண்ணீர், கவுன்சில் வரி எல்லாமே கணவர் பெயரில். வங்கிக் கணக்கறிக்கையைக் கைபேசியில் காட்டினேன். தாளில் இருந்தால்தான் செல்லும் என்று மிகக் கண்ணியமாகத் திருப்பி அனுப்பினார்கள். கிராமத்துப் பேருந்தை நம்பிப் போனவர்களுக்குத்தான் அந்தக் கண்ணியத்தின் விலை தெரியும். மணமாகி இங்கே வந்த பெண்கள், ஏதேனும் ஒரு கட்டண ரசீதிலாவது தம் பெயரையும் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பக்கங்களைச் சிறிதாக்கிப் படமெடுத்த மைக்ரோஃபிஷ் தகடுகள் இருப்பதால் மூலப் பதிவேட்டைத் தர முடியாது என்றார்கள். அதில் குறை சொல்ல எதுவுமில்லை. 1790களின் பக்கங்களை வரிவரியாகப் படித்ததில் விஷயம் வெளிப்பட்டது. எங்கள் குடும்பப் பெயரில் எஸ் எழுத்து இரட்டித்து வரும். அக்கால வழக்கப்படி முதல் எஸ்ஸை எஃப் போல நீட்டி எழுதியிருந்ததால், இரண்டும் சேர்ந்து பார்ப்பதற்குப் பி (p) போல இருந்தது. அட்டவணை தயாரித்தவர் பி என்றே எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஆனால் அதே பெயரில் கரைக்கொரு குழந்தை, இரண்டாண்டு இடைவெளியில்! இங்கேதான் பலர் தங்களுக்குப் பிடித்த குழந்தையைத் தேர்ந்தெடுத்துக் குடும்ப மரத்தில் ஒட்டிவிடுகிறார்கள்.

முடிவு சொன்னது ஏழைகளுக்கான உதவி தொடர்பான பழைய தாள்கள். 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உதவி கேட்டு வருபவர் எந்தப் பாரிஷைச் சேர்ந்தவர் என்று மாஜிஸ்திரேட்டுகள் விசாரித்து, தங்கள் ஊரைச் சேராதவரை அவருக்கு உரிய ஊருக்கே அனுப்பிவிடலாம். இவர் பிழைக்கப் போயிருந்த மூன்றாவது பாரிஷின் தாள்கள் எதுவும் மிஞ்சவில்லை என்று மேசையில் இருந்தவர் கையை விரித்தார். வெளியேற்ற உத்தரவின் ஒரு படி ஆளை ஏற்றுக்கொள்ளும் பாரிஷுக்கும் போயிருக்கும் என்பதால், தென்கரை பாரிஷின் கட்டைக் கேட்டு வாங்கினேன்.

1829 தேதியிட்ட உத்தரவும் அதனுடன் அவர் அளித்த வாக்குமூலமும் அதில் இருந்தன. நார்ஃபோக் கரையில் பிறந்தவர். மணமாகும் முன் ஒரு மைக்கேல்மஸ் பண்டிகையன்று (செப்டம்பர் 29) தென்கரைப் பண்ணையாளர் ஒருவரிடம் முழு ஆண்டு வேலைக்கு ஒப்பந்தமாகி, கூலி வாங்கி, அதே ஊரில் தங்கியவர். முழு ஆண்டு வேலை செய்தால் அந்தப் பாரிஷ் அவருக்கு உதவ வேண்டிவரும் என்பதற்காகவே 51 வாரத்துக்கு மட்டும் ஆள் எடுத்த பண்ணைக்காரர்கள் உண்டு. இவருக்குக் கிடைத்தவர் அப்படிச் செய்யவில்லை. வாக்குமூலத்தின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி, மை சற்றே தேங்கி நிற்கிறது. உத்தரவில் மனைவியின் பெயருக்குக் கீழே ஏழு மாதக் குழந்தை என்று குறிக்கப்பட்டிருப்பவர்தான் மாமனாரின் எள்ளுத்தாத்தா. ஒருமுறை வண்டியேற்றி அனுப்பப்பட்டவர், 1851இல் உதவிக்கு உரிமையுள்ள ஊரையே பிறந்த ஊராகவும் சொல்லி வைத்திருப்பார் என்பது என் ஊகம்.

இதே பகுதியில் தேடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: மேற்கு சஃபோக் 1837 வரை நாரிச் பேராயரின் கீழும், பிறகு ஈலி பேராயரின் கீழும் இருந்தது, பிறப்பு, இறப்புகளைப் பதிவுசெய்த தெட்ஃபோர்ட் மாவட்டமோ இரு கவுண்டிகளிலும் பரவியிருந்தது. ஆகவே ஒரு காப்பகத்தில் இல்லையென்று சொன்னால் அடுத்த கவுண்டியிலும் கேட்டுவிடுங்கள். அட்டவணையைத் திருத்தச் சொல்லிப் பக்க எண்ணுடன் அனுப்பியும், அந்தத் தளத்தில் இன்னமும் பி எழுத்துதான் இருக்கிறது. பெயரில் இரட்டை எஸ் உள்ளவர்கள் அப்படியும் ஒருமுறை தேடிப் பாருங்கள்.