மச்சாக்கோஸ் சரிவுகள்: மண்ணை மேலே எறியும் வித்தை

கென்யத் தலைநகர் நைரோபிக்குத் தென்கிழக்கே மச்சாக்கோஸ் குன்றுகளில் ஏறத் தொடங்கியதும் கண்ணில் படுபவை வரப்புகள்தான். ஒன்றன்கீழ் ஒன்றாக, புல் அடர்ந்து, சரிவின் குறுக்கே ஓடுகின்றன. இங்கே இதற்கு ஃபான்யா ஜூ என்று பெயர். கல்சுவர் இல்லை, இயந்திரம் இல்லை. சரிவின் குறுக்கே வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணை மேல்பக்கம் எறிந்து வரப்பாக்குகிறார்கள். நிலத்தைச் சமன்செய்வது மழையின் வேலை. மேலிருந்து அரித்துவரும் மண் வரப்பில் தேங்கித் தேங்கி, சில ஆண்டுகளில் சரிவு படியாகிவிடும். கீழ்ப்பக்கம் எறிவது கைக்குச் சுலபம்தான். ஆனால் அப்படிச் செய்தால் வண்டல் நேராக வாய்க்காலில் விழுந்து அதைத் தூர்த்துவிடும்.

வரப்புக்கான கோட்டை ஒரே மட்டத்தில் பிடிப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு மீட்டர் நீளமுள்ள இரு கம்புகளை A எழுத்துப் போல உச்சியில் கட்டி, நடுவே குறுக்குக்கம்பு பிணைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் கல்லைத் தொங்கவிட வேண்டும். கயிறு குறுக்குக்கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. சட்டத்தின் இரு கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளிதான் சரியான மட்டம். இதைக் காற்றில்லாத நேரத்தில் செய்வது நல்லது. பிறகு சட்டத்தின் ஒரு காலை ஊன்றி, கயிறு அந்த நடுப்புள்ளியில் நிற்கும்படி மறுகாலைத் திருப்பித் திருப்பி நகர்ந்து, ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு முளைக்குச்சி அடித்துப் போகலாம்.

வாய்க்கால் 60 சென்டிமீட்டர் அகலம், 60 சென்டிமீட்டர் ஆழம். அதற்கும் வரப்புக்கும் இடையே ஒரு சாண் திட்டு விடாவிட்டால், எறிந்த மண் முதல் மழையிலேயே திரும்பக் குழிக்குள் சரிந்துவிடும். ஒரு மீட்டர் நீளம் வெட்டினாலே ஏறக்குறைய அரை டன் மண்ணைத் தூக்கி எறிய வேண்டும். தனியாளால் ஆகாது என்பதால்தான் ம்வேத்யா என்னும் கூட்டு உழைப்புக் குழுக்கள் இங்கே இவ்வளவு முக்கியம். பெரும்பாலும் பெண்களே முறைவைத்து ஒருவர் நிலத்தை இன்னொருவருக்கு வெட்டித் தருகிறார்கள். காலனி ஆட்சியில் இதே வேலையைக் கட்டாயப்படுத்தி வாங்கியபோது மக்கள் வெறுத்தார்கள்.

இரண்டு வரப்புகளுக்கு இடையே உயர வித்தியாசம் ஒன்றரை மீட்டருக்குள் இருக்கட்டும். 15 சதவீதச் சரிவில் அது சுமார் 10 மீட்டர் இடைவெளி. வேலையை மேட்டிலிருந்து தொடங்க வேண்டும். கீழே தொடங்கினால் தடுப்பில்லாத மேட்டுநீர் முழுவதும் புது வரப்பில் வந்து மோதும். குன்றிலிருந்து நீர் இறங்கும் இடமென்றால், முதல் வரப்புக்கும் மேலே தனி வடிகால் தேவை.

உடைப்பு எப்போதும் வரப்பின் தாழ்ந்த இடத்தில்தான். கையளவு பள்ளம் போதும், நீர் முழுவதும் அங்கே கூடி வழியும். ஒன்று உடைந்தால் கீழுள்ளவையும் வரிசையாக உடையும். எலிவளையும் மாட்டுத்தடமும் இதையே செய்யும். ஆகவே வெட்டிய பருவத்திலேயே வரப்பில் நேப்பியர் புல் நட்டுவிட வேண்டும். அதன் வேர் பக்கத்து மக்காச்சோள வரிசையின் ஈரத்தை இழுக்கும், உண்மைதான். ஆனால் வெட்டிய புல் மாட்டுக்குத் தீவனமாவதால் அந்த இழப்பு தாங்கக்கூடியதே. நீர் தேங்கும் வாய்க்காலில் வாழை செழிக்கிறது.

வண்டல் ஏற ஏற வரப்பின் உயரம் குறையும். பருவம்தோறும் வாய்க்காலைத் தூர்வாரி, அந்த மண்ணையும் வரப்பின்மேல் எறிந்து உயர்த்த வேண்டும்.