அடுப்பு எந்த மூலைல? வீடு கட்டுற டைரி

2025 பிப்ரவரி 2, ஞாயிறு

இன்ஜினியர் முதல் பிளான் வாட்ஸப்ல அனுப்பிட்டார். காரிமங்கலம் பக்கத்துல எங்க பழைய ஓட்டு வீடு இருக்கற அதே மனைதான், 33க்கு 66, கரெக்டா 5 சென்ட், கிழக்கு பார்த்த வாசல். ஹால், ரெண்டு பெட்ரூம், கிச்சன், பூஜை ரூம்னு கலர் எல்லாம் அடிச்சு, போர்டிகோல ஒரு வெள்ளை கார் வேற நிறுத்தி வெச்சிருக்கார், எங்ககிட்ட இருக்கறது ஒரு பழைய பைக். ஓசூர் ரூம்ல உக்காந்து நைட் ஷிப்ட்டுக்கு முன்னாடி பத்து தடவை ஜூம் பண்ணி பாத்திருப்பேன். சந்தோஷமாதான் இருக்கு. மனை 2500 சதுர அடிக்குள்ள, கட்டடம் 3500க்குள்ள இருந்தா சுயசான்றுன்னு ஒரு முறை 2024ல வந்துச்சு, அதுல ஆன்லைன்லயே அனுமதி வாங்கிரலாம்னு சொன்னார். பேங்க் லோனுக்கு அந்த பேப்பர் வேணும், அதனால அது ஒரு பெரிய கவலை குறைஞ்சுது.

மாசி 22 வாஸ்து நாள், அதாவது மார்ச் 6. அன்னைக்கே பூஜை போட்டுரலாம்னு அப்பாகிட்ட போன்ல சொல்லிட்டேன். வாய வெச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஊருக்கு போனேன். பிளானை பிரிண்ட் எடுத்துட்டு போய் திண்ணைல விரிச்சேன். அப்பா கண்ணாடிய போட்டுகிட்டு ரூமை பாக்கல, நம்பரை மட்டும் பாத்தார். அப்புறம் உள்ள போய் மஞ்சளேறிப்போன ஒரு மனையடி சாஸ்திர புக்கை எடுத்துட்டு வந்தார், அது எங்க வீட்ல இருக்கறதே எனக்கு தெரியாது.

ஹால் 12க்கு 18னு போட்டிருந்துச்சு. "12 அடிக்கு செல்வம் அழியும்னு இருக்கு, 18 அதைவிட மோசம், ரெண்டையும் சேத்து வெச்சு ஹாலு போட்டிருக்கான் பாரு உங்காளு"ன்னார். 6, 8, 10, 11, 16, 17, 20, 21 இதுல எது வேணா வெச்சுக்கோ, ஆனா சுவருக்கு உள்பக்கம் அளக்கணும்னு கண்டிஷன். எனக்கு இதுல பெருசா நம்பிக்கை கிடையாது, அதுக்காக கட்டின வீட்ல நாளைக்கு யாருக்காவது காய்ச்சல் வந்தா கூட 12 அடின்னு சொல்லி சொல்லியே கொன்னுருவாங்க, அந்த பயம் உண்டு. இன்ஜினியருக்கு போன் போட்டா சார் இதெல்லாம் எங்களுக்கு பழக்கம்தான், 16க்கு 17 பண்ணிரலாம்னு சிரிக்கிறார். 216 சதுர அடி ஹால் 272 ஆச்சு. சதுர அடி 2,300 ரூபா ரேட்டுக்கு 56 அடி கூடுதல்னா ஒன்னேகால் லட்சத்துக்கு மேல போகுது. செல்வம் அழியாம இருக்கறதுக்கு முன்பணம்னு வெச்சுக்க வேண்டியதுதான்.

பிப்ரவரி 12

தம்பி பெங்களூர்ல இருந்து போன். எலிவேஷன், அதான் வீட்டு முன்பக்க தோற்றம், அது முக்கியம்ணா, ரோட்ல போறவன் திரும்பி பாக்கணும், ஒரு மூணு லட்சம் அதுக்கு ஒதுக்குன்னான். எங்க தெருவுல போறது முக்காவாசி ஆடுங்க. அதை சொன்னதுக்கு கோச்சுகிட்டு வெச்சுட்டான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்னைக்குதான் அம்மா வாய திறந்தாங்க. ரெண்டு வாரமா நாங்க எல்லாரும் கத்திகிட்டு இருந்தோம், அவங்ககிட்ட யாருமே ஒரு வார்த்தை கேக்கல, நானும்தான் கேக்கல.

மத்தியானம் களி கிண்டிட்டு இருந்தாங்க. கொல்லையில மூணு கல்லு அடுப்பு, சட்டில உலை கொதிக்குது, கேழ்வரகு மாவை கொட்டி நடுவுல குழி பண்ணி வேக விட்டு, அப்புறம் குத்துக்கால் போட்டு உக்காந்து துடுப்பை ரெண்டு கையாலயும் புடிச்சு அழுத்தி அழுத்தி கிண்டறாங்க. நான் பக்கத்துல நின்னு கிச்சன் மேடை 2 அடி 9 அங்குலம்மா, கருப்பு கிரானைட், நம்ம பக்கத்து கல்லுன்னு பெருமையா சொல்லிட்டு இருந்தேன். தண்ணில விரலை நனைச்சு களிய தொட்டு பாத்துட்டு, ஒட்டலன்னதும் சட்டிய இறக்கி வெச்சுட்டு கேட்டாங்க, "அத்தினி ஒசரத்துல சட்டிய வெச்சா நான் எங்க நின்னுடா கிண்டறது? ஸ்டூலு போட்டு ஏறிக்கட்டுமா?"

அம்மா உயரம் 4 அடி 8 அங்குலம். களி கிண்டறதுல கையை விட உடம்பு பாரம்தான் வேலை செய்யுது, மேல இருந்து கீழ அழுத்தணும், அதுக்கு அடுப்பு தாழ இருக்கணும். இத்தனை வருஷமா அந்த களிய தின்னுட்டு இருக்கேன், இது எனக்கு தோணவே இல்ல.

அதோட நிக்கல. பிளான்ல கிச்சன் அக்னி மூலைல இருக்கு, அதாவது தென்கிழக்கு. கிழக்கு வாசல் வீட்ல தென்கிழக்குன்னா வாசலை ஒட்டி வந்துருது. "வர்றவன் போறவன் எல்லாம் மொதல்ல அடுப்பைதான் பாக்கணுமா? பாத்திரம் கழுவ கொல்லைக்கு ஹாலை தாண்டி தூக்கிட்டு போணுமா?"ன்னாங்க. அப்பா அக்னி அக்னின்னு ஆரம்பிச்சார். அம்மா களி உருண்டைய தட்டுல போட்டு அவர் முன்னாடி வெச்சுட்டு பேசாம உள்ள போய்ட்டாங்க.

பிப்ரவரி 23, ஞாயிறு

பேப்பர்ல பாத்தா யாருக்கும் ஒன்னும் புரியலன்னு என் வீட்டுக்காரி ஒரு ஐடியா சொன்னா. மேஸ்திரி அண்ணனை கூப்புட்டு, காட்டுல களத்துல கயிறு புடிச்சு சுண்ணாம்புத்தூள்ல அப்படியே முழு வீட்டையும் ஒரு கோடு போட்டுட்டோம். நெஜ அளவு. இதுக்கு செலவு ஒரு மூட்டை சுண்ணாம்பு, நாலு டீ. வீடு கட்டப்போறவங்க யாரா இருந்தாலும் இதை பண்ணிருங்க, த்ரீடி படம் எல்லாம் அப்புறம்.

கட்டிலை தூக்கிட்டு போய் பெட்ரூம் கோட்டுக்குள்ள போட்டோம், நாற்காலிய அடுக்கி அதுதான் பீரோன்னு வெச்சோம். பீரோ கதவை திறந்தா கட்டில்ல இடிக்குது, கதவு எடத்தை மாத்தினோம். என் பொண்ணு கோட்டை தாண்டி ஓடறப்ப எல்லாம் சுவத்துல முட்டிட்டேன்னு கத்திகிட்டே இருந்துச்சு.

கிச்சன் 8க்கு 10. ரெண்டு பக்கமும் 2 அடி மேடை போனா நடுவுல 4 அடிதான் மிச்சம். அம்மா முக்காலி போட்டு உக்காந்தாங்க, என் வீட்டுக்காரி தோசை சுடற மாதிரி நின்னா, நான் தண்ணி எடுக்க போற மாதிரி நடந்தேன், போக முடியல. மூணு பேரும் சிரிச்சுட்டோம். மேஸ்திரி அண்ணன்தான் சொன்னார், "அக்னில ஒத்து வரலன்னா வாயு மூலைல அடுப்பு வெக்கறதுதான் வழக்கம், வடமேற்கு, உங்களுக்கு அது கொல்லைப்பக்கமே வந்துரும்"னு. அதே மனையடி புக்குல ஒரு பக்கத்துல அப்படித்தான் இருக்குன்னு அப்பாவே அப்புறமா தேடி எடுத்து காட்டினார், தானே கண்டுபுடிச்ச மாதிரி. சரி, இருக்கட்டும். கிச்சன் 10க்கு 11, வடமேற்கு, பின்னாடி கதவு திறந்தா கொல்லை.

மார்ச் 6, வியாழன்

மாசி 22 போயே போச்சு. பிளான் இன்னும் முடியல. பங்குனில வாஸ்து நாளே கிடையாது, அடுத்தது சித்திரை 10தான். அப்பா போன்ல ஒன்னும் சொல்லல, அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

மார்ச் 16, ஞாயிறு

தண்ணி. இதை தனியா எழுதணும்.

எங்க பக்கம் போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 1.5 வரைக்கும், அதுதான் கணக்கு. தர்மபுரி மாவட்டத்துல நிறைய ஊர்ல அதை தாண்டி இருந்ததாலதான் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் திட்டமே வந்துச்சு, 2013ல தண்ணி விட்டாங்க. அதுக்கு முன்னாடி வளந்தவங்க நாங்க. அந்த ஃப்ளோரைடால என் முன்பல்லுல பழுப்பு கோடு இருக்கும், ஸ்கூல் போட்டோல எல்லாம் வாய மூடியே நிப்பேன். கல்யாணத்துக்கு பொண்ணு பாக்க போனப்ப சிரிக்காத பையன்னு பேர் வாங்கினதும் அதனாலதான். காய்ச்சி குடிச்சா சரியாய்டும்னு இன்னும் சில பேர் நெனைக்கிறாங்க. ஆகாது, தண்ணி வத்த வத்த அது இன்னும் கூடத்தான் செய்யும்.

இன்ஜினியர் பிளான்ல ஒரே சம்ப் (தரைக்கு கீழ இருக்கற தண்ணி தொட்டி), மேல ஒரே டேங்க், போரும் குழாய் தண்ணியும் ஒன்னா கலந்து மேல ஏறுது. எல்லார் வீட்லயும் இப்படித்தான் சார்ங்கறார். எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒகேனக்கல் தண்ணி எங்க தெருவுக்கு தினமும் வராது, வர்ற அன்னைக்கு புடிச்சு வெக்கணும், அதை கொண்டு போய் போர் தண்ணில கலக்கறதுக்கு எதுக்கு அத்தனை கோடி செலவு பண்ணி கொண்டு வந்தாங்க?

கடைசில முடிவு பண்ணது: ஈசானிய மூலைல, அதாவது வடகிழக்குல, குடிதண்ணிக்குன்னு தனி சம்ப், 6க்கு 6, ஆழம் 5, சுமாரா 5,000 லிட்டர் நிக்கும். அங்க இருந்து மாடில ஒரு 500 லிட்டர் டேங்க், அதுல இருந்து ஒரே ஒரு லைன், கிச்சனுக்கு மட்டும். குளிக்க, துவைக்க, பாத்ரூம் எல்லாத்துக்கும் போர் தண்ணி, வேற டேங்க், வேற பைப். மழைத்தண்ணி ரூஃப்ல இருந்து போர் பக்கத்துல குழி வெட்டி இறக்கறோம். பிளம்பிங் செலவு ஏறும்னார். எலிவேஷன்ல கழிச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன். தம்பிகிட்ட இன்னும் சொல்லல.

மார்ச் 30, ஞாயிறு

யுகாதி. எதிர் வீட்ல இருந்து ஒப்பட்டு வந்துச்சு, மூணு தின்னேன்.

படிக்கட்டு மட்டும் பேசினோம். 10 அடி ஒசரத்துக்கு 16 படி போட்டிருந்தார், ஒவ்வொன்னும் ஏழரை அங்குலம். அப்பாவுக்கு முட்டி வலி. 6 அங்குலமா 20 படி ஆக்கினா நீளம் கிட்டத்தட்ட 16 அடி வருது, வெளிப்பக்கம் எடம் இருக்கு, போகட்டும். பழைய வீட்டு வாசக்கால புது வீட்டுக்கு வெக்கலாமான்னு பேச்சு வந்துச்சு, ஒசரம் 6 அடிதான், தலை இடிக்கும். பூஜை ரூமுக்கு வெக்கறோம், அங்க குனிஞ்சுதானே போகணும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பைனல் பிளான். கிச்சன்ல மேடை ரெண்டு ஒசரம். ஒரு பக்கம் 2 அடி 9 அங்குலம், என் வீட்டுக்காரிக்கு. கொல்லைக்கதவு பக்கம் 3 அடி நீளத்துக்கு மட்டும் ஒன்றரை அடி ஒசரம், அம்மாவுக்கு, கேஸ் லைன் அங்கயும் ஒன்னு வருது. இப்படி யாரும் போட மாட்டாங்க சார், நாளைக்கு மாடுலர் கிச்சன் பண்ணா அசிங்கமா இருக்கும்னு இன்ஜினியர் ரெண்டு தடவை சொன்னார். கொல்லைல ஷீட் போட்டு விறகடுப்பும் தனியா உண்டு, அதை அம்மா விட மாட்டேன்னுட்டாங்க, கேஸ்ல கிண்டின களிக்கு வாசனை இல்லையாம்.

ஏப்ரல் 23, புதன், சித்திரை 10

பூஜை முடிஞ்சுது. காலைல ஒன்பதரைக்குள்ள முதல் கல்லு வெச்சாச்சு. பழைய வீட்டை போன வாரமே பிரிச்சாச்சு, ஓடு எல்லாம் ஓரமா அடுக்கி இருக்கு, மண்ணு வாசனை இன்னும் போகல. பொங்கல் வெக்க எடம் தேடினப்ப அம்மா யாரையும் கேக்கல, வடமேற்குல கோடு போட்டிருந்த சதுரத்துக்குள்ள போய் மூணு செங்கல்லை வெச்சு பத்த வெச்சுட்டாங்க. அப்பா அளவு டேப்பை எடுத்துட்டு பின்னாடியே போய் அடுப்பு கோட்டுக்குள்ளதான் இருக்கான்னு பாத்தார்.

தம்பி வந்திருந்தான். எலிவேஷன் பத்தி கேக்கல, பொங்கல் தீர்ற வரைக்கும்.

நாளைக்கு எட்டு மணிக்கு கடக்கால் தோண்ட ஜேசிபி வருது. ரெண்டாவது ஷிப்ட்டுக்கு மாத்திக்க சூப்பர்வைசருக்கு மெசேஜ் போட்டிருக்கேன், ப்ளூ டிக் விழுந்துருச்சு, பதில் இல்ல.