4,500 யென்னுக்கு ஒரு பேய் ஊர்வலம்

பேய் ஊர்வலம் வரைந்த ஓவியச் சுருள் ஒன்றை வாங்கிய எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் அடங்கவில்லை. ஜப்பானின் கியோட்டோவில் ஒரு நாள் எங்கே போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதுவதாகப் போன பதிவில் வாக்குக் கொடுத்திருந்தேன். முடிந்தவரை காப்பாற்றுகிறேன்.

முதலில் பஸ். நகரின் பெரும்பகுதிக்குள் எவ்வளவு தூரம் போனாலும் 230 யென். பின்கதவில் ஏறி, முன்கதவில் இறங்கும்போது ஓட்டுநர் அருகிலுள்ள பெட்டியில் காசு போட வேண்டும். பெட்டி மீதி தராது. சில்லறையை முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். எனக்குப் பின்னால் பத்துப் பேர் இறங்கக் காத்திருந்த பதற்றத்தில் 500 யென் நாணயத்தை அப்படியே உள்ளே போட்டுவிட்டேன். 270 யென், நம் காசுக்குச் சுமார் நூற்றைம்பது ரூபாய், கண்ணெதிரே போயிற்று. பஸ்ஸுக்கு மட்டுமான ஒரு நாள் பாஸ் இப்போது இல்லை. மெட்ரோவும் சேர்ந்த பாஸ் 1,100 யென். ஐந்து முறையாவது ஏறி இறங்கினால்தான் கட்டுப்படியாகும். நான் மூன்று முறைதான் ஏறினேன், ஆகவே வாங்காததில் மட்டும் எனக்குப் பெருமை.

கிடானோ தென்மங்கு கோவிலுக்குப் போவதென்றால் 25ஆம் தேதி போங்கள். மாதந்தோறும் அன்று கோவிலைச் சுற்றிப் பழம்பொருள் சந்தை கூடும். சுகவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞர் பொய்ப்பழிக்கு ஆளாகி, தலைநகரைவிட்டுத் தொலைவுக்கு விரட்டப்பட்டு 903இல் இறந்தார். அவருடைய ஆவிதான் இடியாக வந்து பழிவாங்குகிறது என்று அன்றைய தலைநகரமான இந்த ஊர் நடுங்கியது. அந்த ஆவியைச் சாந்தப்படுத்த எழுந்த கோவில் இது. இன்றைக்கு அவர் கல்வித் தெய்வம். தேர்வெழுதும் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். கோவிலுக்கு எதிரே தினை மோச்சி என்ற மாவுருண்டை விற்கும் கடை ஒன்று 1682 முதல் இருக்கிறது. ஆம், தினையேதான். சொன்ன பிறகுதான் சூடான மாவைக் கையால் கிள்ளி, சிலவற்றைச் சிவப்புப் பயற்று விழுதிலும் சிலவற்றை வறுத்த சோயா மாவிலும் புரட்டித் தருகிறார்கள். ஆறினால் இறுகிவிடும், உடனே தின்ன வேண்டும். இந்தப் பயணத்தில் கணக்குப் பார்க்காமல் தின்றது இது ஒன்றுதான். இரண்டாம் தட்டும் வாங்கினேன்.

சந்தையில் பிடி கழன்ற கெண்டிகள், நரம்பறுந்த வாத்தியங்கள், துருப்பிடித்த கத்தரிக்கோல்கள். நான் தேடிப் போன கதைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒரு பொருள் நூறு ஆண்டு புழங்கினால் அதற்கு உயிர் வந்துவிடும் என்பது ஜப்பானியரின் பழைய நம்பிக்கை. அப்படி உயிர் பெற்றவற்றுக்கு ‘த்சுகுமோகாமி’ என்று பெயர். ஆண்டிறுதி ஒட்டடையடிப்பில் வீதியில் வீசப்பட்ட பாத்திரபண்டங்கள் கோபம் கொண்டு, பேயுருவெடுத்து, இச்சிஜோ வீதியில் ஊர்வலம் போயின என்று கதை. அந்த வீதி கோவிலிலிருந்து நடக்கும் தூரம்தான். கடைக்காரர்கள் பழைய சாமான்களைக் கொண்டு தாங்களே செய்த பேய்ப் பொம்மைகளை வாசலில் உட்கார வைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் அரைமணி நேரம் போதும். அக்டோபரில் பேய் வேடமிட்டு ஊர்வலம் நடத்துகிறார்கள். அதற்கென்றே இன்னொரு முறை வரலாம்.

இந்த ஊர்வலத்தை வரைந்த சுருள்களில் மிகப் புகழ்பெற்றது தைதொகுஜி மடத்தின் ஷின்ஜு-ஆன் என்ற கிளைமடத்தில் காக்கப்பட்டு வந்தது. பதினாறாம் நூற்றாண்டுச் சரக்கு, ஏழு மீட்டருக்கு மேல் நீளம். தோசா மிட்சுனோபு என்ற ஓவியர் வரைந்தது என்பது மரபு. ஷின்ஜு-ஆனைப் பொதுவாகத் திறப்பதில்லை. ஆகவே என்னைப்போன்றவர்களுக்குப் பிரதிதான் கதி.

அந்தப் பிரதி சந்தையில் ஒரு தார்ப்பாயின் மேல் கிடந்தது. மரத்தண்டு, பழுப்பேறிய காகிதம், பட்டுக்கயிறு. ‘ஃபுருயி, ஃபுருயி’ என்றார் விற்பவர். பழையது, பழையது. கையால் தூரிகை பிடிப்பதுபோல் அபிநயமும் செய்து காட்டினார். 6,000 யென்னில் தொடங்கி 4,500இல் நின்றோம். பேரம் பேசி ஜெயித்த மிதப்பில் மதியச் சாப்பாட்டை அரிசி உருண்டையோடு முடித்துக்கொண்டேன்.

இரவில் விடுதி அறையில் பிரித்தால் ஐந்து மீட்டர், அறை கொள்ளவில்லை. கூடத்து மரத்தரையில் விரித்தேன். வலமிருந்து இடமாக, ஒரு தோளகலம் பிரித்துப் பார்த்து, பார்த்ததை வலக்கையால் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். மொத்தமாக விரித்தால் வெறும் படம். இப்படிப் பார்த்தால் பேய்கள் நடக்கின்றன. பிவா என்ற வீணை போன்ற வாத்தியம் கால் முளைத்து நடக்கிறது. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில் கொத்தோ என்ற நீண்ட நரம்பு வாத்தியம் மாடுபோல் இழுபட்டு வருகிறது. சிவந்த பூதம் ஒன்று பெட்டியைப் பிய்க்கிறது. ஒரு பேய் மங்கை பல்லுக்குக் கறுப்பு தீட்டிக்கொள்கிறாள். கடைசியில் பெரிய செந்நிற உருண்டை. அதைக் கண்டு கூட்டமே தெறித்து ஓடுகிறது. சூரியன் என்பார்கள், தீக்கோளம் என்பாரும் உண்டு.

சிவப்பு அவ்வளவு அழகாக இருக்கிறதே என்று செல்பேசிக் காமிராவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். புள்ளிகள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வாரப்பத்திரிகை அட்டையில் இருக்குமே, அதே அச்சுப்புள்ளிகள். காகிதத்தின் பழுப்பும் அச்சு! ஒரு பூச்சியரிப்புத் துளைகூட அச்சடிக்கப்பட்டிருந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது.

நல்ல பிரதி வேண்டுமானால் இதே ஊரில் பென்ரிதோ என்ற பழைய அச்சகம் கொலோடைப் முறையில் செய்கிறது. கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசி அச்செடுப்பார்கள்; புள்ளியே விழாது, நிறம் படிப்படியாகக் கரையும். அதன் விலையை விசாரிக்கும் தைரியம் எனக்கு இல்லை. காசில்லாதவர்களுக்கு நிச்சிபுன்கென் ஆய்வு மையத்தின் இணையத் தொகுப்பில் யோகாய் என்ற பேய்பூதங்களின் படங்கள் ஏராளம், இலவசம். கோபம் தீர அன்றிரவே அதை மேய்ந்தேன். ஒரு சுருளில் முன்னால் நடக்கும் பேய் இன்னொன்றில் பின்னால் வருகிறது. ஏதோ ஒரு காலத்தில் ஓவியர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் படியெடுத்தார்கள். எடுக்கும்போது பிடித்ததைச் சேர்த்து, வரிசையையும் மாற்றிவிட்டார்கள். அவர்களாவது தூரிகையால் ஏமாற்றினார்கள்.

இதற்குள் விடுதிப் பாட்டி தேநீரோடு வந்துவிட்டார். தட்டைக் கீழே வைத்து, என் பக்கத்தில் மண்டியிட்டு, பல்லுக்குக் கறுப்பிடும் பேயைச் சுட்டிக்காட்டித் தன் பல்லைத் தொட்டுச் சிரித்தார். வீணையைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், செந்நிற உருண்டைவரை அவரே சுருட்டிக்கொண்டு போனார். பிறகு பொறுமையாக முழுவதையும் தொடக்கத்துக்குத் திருப்பிச் சுருட்டி, கயிறு கட்டிக் கையில் கொடுத்தார். எவ்வளவு என்று கேட்டார். விரலால் காட்டினேன்.

பல்லிடுக்கில் காற்றை இழுத்து, ‘தகாய்’ என்றார். விலை அதிகமாம்.